பெரியப்பா, அண்ணன், அத்தை: புவி வெப்பமாதல் சண்டையில் யார் சொல்வது சரி?

சிங்கப்பூர் ஈசூனிலிருந்து ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. தீபாவளி விருந்தில் வீட்டில் மூன்று பேர் மோதிக்கொண்டார்களாம். பெரியப்பா, "பூமி எப்போதும் சூடாகும், அப்புறம் குளிரும். அது சூரியன் செய்கிற வேலை. விஞ்ஞானிகளுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை" என்றார். பல்கலைக்கழகத்தில் படிக்கும் அண்ணன், "அறிவியல் முடிவு சொல்லிவிட்டது. எண்ணெய் ஆலைகளை உடனே மூடவேண்டும், பேச ஒன்றுமில்லை" என்றார். அத்தை இரண்டு பேரையும் கண்டுகொள்ளாமல், "உலகம் விடுகிற புகையில் சிங்கப்பூரின் பங்கு 0.1 விழுக்காடு. அதற்கு நாம் ஏன் கரிம வரி கட்டவேண்டும்?" என்று கேட்டார். யார் சொல்வது சரி?

தம்பி, பெரியப்பா சொல்வது தவறு. ஆனால் அவருடைய சந்தேகத்துக்கு அடியில் ஒரு நியாயம் கிடக்கிறது, அதற்குப் பிறகு வருகிறேன். அண்ணன் காரணத்தைச் சரியாகப் பிடித்திருக்கிறார், அங்கிருந்து ஒரே தாவலில் தீர்வுக்குப் போய்விடுகிறார். அத்தையின் கேள்விக்கு ஆய்வுக்கூடத்தில் விடை கிடைக்காது. அது காசும் நியாயமும் பற்றிய கேள்வி. இந்த மூன்றையும் ஒரே சண்டையாக நினைத்துப் பேசுவதால்தான் விருந்துச் சாப்பாடு ஆறிப்போகிறது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் எண்ணெய் ஆலைகள் நிறைந்த ஜூரோங் தீவில் பொறியாளராகப் பல வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் வீட்டுக் கடன், பிள்ளைகளின் படிப்பு எல்லாம் எண்ணெய்க் காசில் அடைந்தவை. அந்தச் சாய்வு என் பதிலில் தெரிந்தால் கழித்துக்கொள்ளுங்கள்.

சரி, முதலில் காரணம். கரியமில வாயு வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது என்பது அரசியல்வாதிகள் கண்டுபிடித்த விஷயம் இல்லை. அமெரிக்காவில் யூனிஸ் ஃபூட் என்ற பெண்மணி 1856இல் கண்ணாடிக் குழாய்களை வெயிலில் வைத்துப் பார்த்தார். லண்டனில் ஜான் டிண்டல் 1859இல் துல்லியமாக அளந்தார். ஸ்வீடன்காரரான அர்ரீனியஸ் 1896இல், காற்றில் அந்த வாயு இரட்டிப்பானால் பூமி எத்தனை பாகை (டிகிரி செல்சியஸ்) சூடாகும் என்று பென்சிலும் காகிதமும் கொண்டு கணக்குப் போட்டார். அவருக்கு வந்த விடை 5, 6 பாகை. இன்றைய மதிப்பீட்டைவிட அதிகம்தான், ஆனாலும் கணினி இல்லாத காலத்துக்கு அது வியக்கத்தக்க நெருக்கம். ஏதோ நேற்று கிளம்பிய வதந்தி போலப் பேசுகிறவர்களுக்கு இந்த ஆண்டுகளைச் சொன்னாலே போதும்.

தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்தில் சுமார் 280 பங்கு கரியமில வாயு இருந்தது. ஹவாய் தீவின் மௌனா லோவா மலையில் சார்லஸ் கீலிங் 1958இல் அளக்கத் தொடங்கியபோது 315. இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. இந்தக் கூடுதல் எங்கிருந்து வந்தது என்பதில்தான் பெரியப்பா போன்றவர்கள், "எரிமலை விடுகிறது, கடல் விடுகிறது, மனிதன் விடுவது கொஞ்சம்" என்று நுழைகிறார்கள்.

இதற்குப் பதில் சொல்லப் பெரிய படிப்பு வேண்டாம். ஒரு வங்கிக் கணக்கில் மாதம் 4,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) போடுகிறீர்கள் என்று வையுங்கள். மாதக் கடைசியில் பார்த்தால் மீதி 2,000 வெள்ளிதான் கூடியிருக்கிறது. இதைப் பார்த்து, "வேறு யாரோ பணம் போட்டதால்தான் மீதி கூடியது" என்று சொல்வீர்களா? வேறு யாரோ எடுத்துக்கொண்டிருக்கிறார் என்றுதானே சொல்வீர்கள்? மனிதர்கள் நிலக்கரி, எண்ணெய், எரிவாயு எரித்து ஆண்டுக்குச் சுமார் 3,700 கோடி டன் கரியமில வாயுவை வெளியே விடுகிறோம். நாம் விடுவதில் ஏறத்தாழ பாதிதான் காற்றில் தங்குகிறது. மீதியைக் கடலும் செடிகொடிகளும் இழுத்துக்கொள்கின்றன. அதாவது இயற்கை மொத்தத்தில் எடுக்கிற பக்கம் இருக்கிறது, கொடுக்கிற பக்கம் இல்லை. எரிமலைகள் எல்லாம் சேர்ந்து விடுவது நம்முடையதில் ஒரு விழுக்காடு அளவுக்குக்கூட வராது.

இன்னொரு சான்று எனக்கு எப்போதுமே பிடித்தது. கார்பனில் எடை வேறுபட்ட வகைகள் உண்டு. கார்பன்-14 என்ற வகை கதிரியக்கத்தால் மெதுவாக அழிந்துகொண்டே இருக்கும், சுமார் 5,700 ஆண்டில் பாதியாகும். நிலக்கரியும் எண்ணெயும் கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்கடியில் கிடந்தவை, அவற்றில் அது மிச்சமே இருக்காது. அப்புறம், செடிகள் மூச்சிழுக்கும்போது கனமான கார்பன்-13ஐக் கொஞ்சம் ஒதுக்கிவிட்டு லேசானதை அதிகம் எடுக்கும். செடிகொடியிலிருந்தும் கடல் நுண்ணுயிரிலிருந்தும் உருவான எரிபொருளிலும் அதே முத்திரை இருக்கும். இப்போது காற்றை அளந்தால், எரிபொருள் எரிப்பால் கார்பன்-14இன் பங்கு நீர்த்துப்போயிருக்கிறது, கார்பன்-13இன் பங்கும் குறைந்துகொண்டே வருகிறது. எரிமலைக் கார்பனில் இந்தச் செடி முத்திரை கிடையாது. போதாக்குறைக்குக் காற்றில் ஆக்சிஜனும் மிகச் சிறிய அளவில், எரிப்பதற்கு எவ்வளவு செலவாகும் என்ற கணக்குக்கு ஏற்பக் குறைகிறது. கடலோ எரிமலையோ வெறும் வாயுவைக் கக்கினால் ஆக்சிஜன் ஏன் குறைய வேண்டும்? ஒரு போலீஸ்காரர் கைரேகை, காலணித் தடம், கேமராப் பதிவு மூன்றையும் கொண்டுவந்து நிறுத்தியபிறகு, "வேறு யாராவது இருக்கலாமே" என்று நீதிபதி கேட்கமாட்டார்.

சூரியனைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 1978 முதல் செயற்கைக்கோள்கள் சூரிய ஒளியை அளக்கின்றன. பதினோரு ஆண்டுச் சுழற்சியில் ஏறி இறங்குகிறது, அவ்வளவுதான். வெப்பம் ஏறிய இந்தக் காலத்தில் சூரியன் ஏறவில்லை. மேலும், சூரியன்தான் காரணம் என்றால் வளிமண்டலம் மேலிருந்து கீழ்வரை சூடாகியிருக்க வேண்டும். நடப்பது என்ன? கீழே சூடாகிறது, மிக உயரத்தில் உள்ள அடுக்கு மண்டலம் குளிர்கிறது. இப்படித்தான் நடக்கும் என்று ஜப்பானில் பிறந்த சியுகுரோ மனாபே, ரிச்சர்ட் வெதரால்டுடன் சேர்ந்து 1967லேயே கணித்தார். 2021இல் இயற்பியல் நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் மனாபே ஒருவர்.

பெரியப்பா சொல்கிற "முன்பும் சூடாகிக் குளிர்ந்திருக்கிறது" என்பது உண்மைதான். பனியுகங்கள் வந்தன, போயின. பூமியின் சாய்வும் பாதையும் மெதுவாக மாறுவதால் அவை வந்தன, அதற்குப் பத்தாயிரக்கணக்கில் ஆண்டுகள் பிடித்தன. முன்பு காட்டுத்தீ இயற்கையாகப் பற்றியது என்பதால் இன்று தீ வைத்தவன் இல்லை என்று ஆகிவிடாது. சிங்கப்பூரில் இன்னொரு வாதமும் காதில் விழும். 2023 மே 13 அன்று அங் மோ கியோவில் 37 பாகை பதிவானபோது ஊரே பேசியது. உடனே ஒருவர், "1983 ஏப்ரலில் தெங்காவில் இதே 37 பாகை வந்ததே" என்றார். வந்தது, சரிதான். 1983ஆம் ஆண்டு வலுவான எல் நினோ காலம், அதாவது பசிபிக் கடல் சூடாகி வெப்பத்தை ஏற்றிவிடும் காலம். ஒரு நாளின் உச்சத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது, ஆண்டுச் சராசரியைப் பார்க்க வேண்டும். இங்கே ஆகச் சூடான ஆண்டுகள் என்று சமநிலையில் நிற்பவை 2016, 2019, 2024. எல்லாம் நேற்றைக்கு நடந்தவை. இதில் ஒரு நுணுக்கமும் உண்டு. நம் கான்கிரீட், தார்ச்சாலை, ஏர்கான் வெளியே தள்ளுகிற சூடு எல்லாம் சேர்ந்து, இரவில் நகர மையத்துக்கும் மரங்கள் அடர்ந்த பகுதிக்கும் 7 பாகை வரை வித்தியாசம் காட்டுவதுண்டு. ஆகவே நகர மையத்தை ஒட்டிய தேக்காவில் ராத்திரி வியர்த்துக் கொட்டுவது முழுவதற்கும் உலகத்தின் மேல் பழி போட முடியாது. அதில் ஒரு பங்கு நாமே கட்டிக்கொண்டது.

"விஞ்ஞானிகளுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை" என்று பெரியப்பா சொல்வது எனக்குச் சுவாரசியமான இடம், ஏனென்றால் அவர்கள் உண்மையிலேயே சண்டை போடுகிறார்கள். எதைப் பற்றி என்பதுதான் கேள்வி.

கரியமில வாயு இரட்டிப்பானால் எத்தனை பாகை ஏறும் என்பது ஒரு பழைய சண்டை. 1979இல் சார்னி தலைமையிலான அமெரிக்கக் குழு 1.5 முதல் 4.5 பாகை வரை என்றது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்து, 2021இல் ஐநாவின் பருவநிலைக் குழு அந்த இடைவெளியை 2.5 முதல் 4 என்று சுருக்கியிருக்கிறது. பெரிய இடைஞ்சல் மேகம். தாழ்வான மேகம் வெயிலைத் திருப்பி அனுப்பும், உயரமான மேகம் வெப்பத்தைப் போர்த்தி வைக்கும். சூடான உலகில் எந்த மேகம் கூடும், எது குறையும் என்பதைத் துல்லியமாகச் சொல்வது கடினம்.

இன்னொரு சண்டை நம் கண்ணெதிரே நடக்கிறது. ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் நின்றால் வரிசையாக நங்கூரமிட்ட கப்பல்களைப் பார்ப்பீர்கள். 2020 ஜனவரி முதல் கப்பல் எரிபொருளில் கந்தகம் 3.5 விழுக்காட்டிலிருந்து 0.5 விழுக்காட்டுக்குக் குறைய வேண்டும் என்று அனைத்துலகக் கடல்துறை அமைப்பு விதி போட்டது. துறைமுக நகரங்களில் இருப்பவர்களின் நுரையீரலுக்கு நல்லது. ஆனால் அந்தக் கந்தகத் துகள்கள் கடல் மேல் மேகங்களை வெண்மையாக்கிக் கொஞ்சம் குளிர்ச்சியும் தந்துகொண்டிருந்தன. அழுக்கை நீக்கியதும் அதுவரை மறைந்திருந்த சூடு வெளியே வந்துவிட்டது. எவ்வளவு? 1988இல் அமெரிக்க செனட்டில் எச்சரித்த விஞ்ஞானி ஜேம்ஸ் ஹான்சன் மிகப் பெரிய அளவு என்கிறார். வேறு பல ஆய்வாளர்கள் மிகச் சிறியது என்கிறார்கள். இது நேர்மையான சண்டை, இன்னும் முடியவில்லை. கவனியுங்கள், இரண்டு தரப்பும் மனிதச் செயலின் அளவைப் பற்றித்தான் அடித்துக்கொள்கின்றன. மனிதனுக்குப் பங்கே இல்லை என்று அங்கே யாரும் சொல்லவில்லை.

ஒவ்வொரு வெள்ளத்துக்கும் புவி வெப்பமாதலைக் காட்டுகிற பழக்கத்தையும் விஞ்ஞானிகளே வெட்டிவிடுகிறார்கள். 2015 டிசம்பர் சென்னை வெள்ளம் உங்களுக்கு நினைவிருக்கும். இங்கிருந்து எத்தனை குடும்பங்கள் போன் கிடைக்காமல் தவித்தோம். அந்த மழையை ஆராய்ந்த அனைத்துலகக் குழு ஒன்று, பருவநிலை மாற்றத்தால் அப்படிப்பட்ட மழைக்கான வாய்ப்பு கூடியதாகத் தெளிவான அடையாளம் தெரியவில்லை என்று எழுதியது. ஏரியை மூடிக் கட்டியதும், பள்ளிக்கரணைச் சதுப்பு சுருங்கியதும், செம்பரம்பாக்கம் ஏரித் தண்ணீரைத் திறந்துவிட்ட விதமும் தனிக்கதை. தங்களுக்குச் சாதகமான முடிவை மட்டும் ஜோடிப்பவர்களாக இருந்தால் இதை வெளியிட்டிருப்பார்களா?

தவறும் நடந்திருக்கிறது. ஐநா குழுவின் 2007 அறிக்கையில், இமயமலைப் பனிப்பாறைகள் 2035க்குள் காணாமல் போகலாம் என்று ஒரு வரி நுழைந்தது. ஆதாரமில்லாத வரி. இந்திய நிலவியலாளர் வி.கே. ரைனா பனிப்பாறைகள் பற்றி வேறு விதமாக எழுதியபோது, அப்போதைய குழுத் தலைவர் பச்சௌரி அவரைக் கேலியாக ஒதுக்கித் தள்ளினார். 2010 ஜனவரியில் குழு தவறை ஒப்புக்கொண்டது. அந்த ஆணவம் கொடுத்த அடி இன்றும் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. எதிர்த்திசையில் போனவரும் உண்டு. பெர்க்லி பல்கலைக்கழக இயற்பியலாளர் ரிச்சர்ட் முல்லர் வெப்பப் பதிவுகளையே நம்பாதவர். எண்ணெய்ச் செல்வந்தர் சார்லஸ் கோக்கின் அறக்கட்டளையும் அவருடைய ஆய்வுக்குப் பணம் கொடுத்தது. எல்லாப் பதிவுகளையும் புதிதாகக் கணக்கிட்டுவிட்டு, 2012இல், வெப்பமாதல் உண்மை, ஏறக்குறைய முழுவதும் மனிதனால் வந்தது என்று எழுதினார்.

பிறகு ஏன் பொதுவெளியில் இன்னும் சந்தேகம்? ஒரு பங்கு விலைக்கு வாங்கியது. எக்ஸான் நிறுவனத்தின் சொந்த விஞ்ஞானி ஜேம்ஸ் பிளாக் 1977லேயே மேலிடத்துக்கு இந்த ஆபத்தை விளக்கினார். அந்த நிறுவனத்தின் பழைய கணிப்புகள் பிற்பாடு நடந்ததோடு நன்றாகப் பொருந்துகின்றன என்று 2023இல் ஓர் ஆய்வு காட்டியது. உள்ளே தெரிந்துகொண்டே வெளியே "இன்னும் உறுதியில்லை" என்றார்கள். 1989இல் எண்ணெய், நிலக்கரி, கார் நிறுவனங்கள் சேர்ந்து ஒரு கூட்டணியே அமைத்து, 2002 வரை அந்த வேலையைச் செய்தன.

ஆனால் உங்கள் பெரியப்பாவுக்கு யாரும் காசு கொடுக்கவில்லை, இல்லையா? அவரைப் போன்றவர்களுடன் நானும் காப்பிக் கடையில் நிறையப் பேசியிருக்கிறேன். கொஞ்சம் கிளறினால் உள்ளே இருப்பது வேறு. "வெள்ளைக்காரன் இருநூறு வருடம் எரித்துப் பணக்காரன் ஆகிவிட்டான். இப்போது நம் ஊரில் ஒருவன் கரண்ட் போட ஆரம்பித்ததும் உலகம் அழிகிறது என்கிறான்." இந்தக் கோபம் சரியானது. இதுவரை சேர்ந்த கரியமில வாயுவில் கால் பங்கு அமெரிக்கா மட்டும் விட்டது. இந்தியாவின் பங்கு 3, 4 விழுக்காடு. இன்றைக்கும் ஒரு இந்தியருக்கு ஆண்டுக்குச் சுமார் 2 டன், ஒரு அமெரிக்கருக்கு 14 டன்னை ஒட்டி. 1991லேயே டெல்லியில் அனில் அகர்வாலும் சுனிதா நாராயணும், நெல் வயலிலிருந்து வருவதையும் மேல்நாட்டுக்காரரின் காரிலிருந்து வருவதையும் ஒரே தராசில் வைக்காதீர்கள், ஒன்று வயிற்றுக்கு, இன்னொன்று வசதிக்கு என்று வாதிட்டார்கள். அடுத்த ஆண்டு ரியோ மாநாட்டில் நாடுகள் ஒப்புக்கொண்ட உடன்படிக்கையில், பொறுப்பு எல்லாருக்கும் உண்டு ஆனால் ஒரே அளவில் இல்லை என்ற கொள்கை இடம்பெற்றது. அந்த மாநாட்டுக்கான ஆயத்தக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் நம் சிங்கப்பூர்த் தூதர் டாமி கோ.

நியாயத்தைப் பற்றிய கோபத்தை இயற்பியலைப் பற்றிய சந்தேகமாக மாற்றிக்கொள்வதுதான் பெரியப்பாவின் சிக்கல். தமக்கு ஒரு வலுவான வாதம் இருக்கும்போது பலவீனமானதை எடுத்துக்கொண்டு நிற்கிறார். அவரிடம் சூரியனைப் பற்றிச் சண்டை போடாமல், யார் எவ்வளவு கட்டவேண்டும் என்று கேட்டுப் பாருங்கள். பேச்சே மாறிவிடும்.

அண்ணன் செய்வது இதன் மறுபக்கம். அறிவியல் சொன்னது: வெப்பம் எவ்வளவு ஏறும் என்பது இதுவரை சேர்ந்த மொத்த கரியமில வாயுவைப் பொறுத்தது, ஆகவே நிறுத்தும்வரை ஏறிக்கொண்டே போகும். எந்த ஆண்டில், எந்த ஆலையை, யார் செலவில் மூடவேண்டும் என்று அது சொல்லவில்லை. அங்கே பொருளாதார நிபுணர்களே வெட்டிக்கொண்டார்கள். 2006இல் நிக்கலஸ் ஸ்டெர்ன் பிரிட்டிஷ் அரசுக்குக் கொடுத்த அறிக்கை, இப்போதே கடுமையாகச் செலவழியுங்கள் என்றது. பின்னாளில் நோபெல் வாங்கிய வில்லியம் நார்ட்ஹவுஸ், மெதுவாகத் தொடங்கிப் படிப்படியாக ஏற்றுங்கள் என்றார். வித்தியாசம் பெரும்பாலும் ஒரே எண்ணில் இருந்தது: எதிர்கால நட்டத்தை இன்றைய மதிப்புக்குக் குறைத்துக் கணக்கிடும் வீதம். நூறு ஆண்டு கழித்து வரும் 100 வெள்ளி நட்டத்தை ஆண்டுக்கு 1.4 விழுக்காடு வீதம் கழித்தால் இன்றைய மதிப்பு 25 வெள்ளி. 4 விழுக்காடு வீதம் கழித்தால் வெறும் 2 வெள்ளி. ஸ்டெர்ன் எடுத்தது 1.4ஐ ஒட்டியது, நார்ட்ஹவுஸ் எடுத்தது அதைவிட மிக அதிகம். இன்னும் பிறக்காத பேரப்பிள்ளையின் துன்பத்துக்கு இன்று என்ன விலை என்ற கேள்வி அது. எந்த வெப்பமானியிலும் அந்த எண் கிடைக்காது. எனக்கு ஸ்டெர்ன் பக்கம் சாய்வு உண்டு, அது என் மதிப்பீடு, அவ்வளவே.

சிங்கப்பூரைப் பொறுத்தவரை அண்ணனிடம் கணக்கையும் கேளுங்கள். நம் மின்சாரத்தில் சுமார் 95 விழுக்காடு எரிவாயுவில் வருகிறது. காற்றாலைக்குக் காற்றில்லை, அணைக்கு ஆறில்லை. தெங்கே நீர்த்தேக்கத்தில் 2021இல் திறந்த மிதக்கும் சூரியத் தகடுகள் உச்ச வெயிலில் 60 மெகாவாட். அடுக்குமாடி புளோக் கூரைகள் எல்லாம் சேர்த்து 2025க்குள் 1.5 ஜிகாவாட் (1,500 மெகாவாட்) என்ற இலக்கை எட்டிவிட்டோம். ஆனால் நாட்டின் உச்சத் தேவை 8 ஜிகாவாட்டை ஒட்டி இருக்கிறது, மேகம் மூடினால் தகடு படுத்துவிடும். இடம் இல்லை, அதனால் 2050இலும் சூரியன் நம் தேவையில் பத்தில் ஒரு பங்கு தந்தால் பெரிது. ஆகவேதான் 2022இல் லாவோஸ் நீர்மின்சாரம் தாய்லாந்து, மலேசியா வழியாக வரத் தொடங்கியது. 2035க்குள் 6 ஜிகாவாட் வரை இறக்குமதி என்பது திட்டம். அண்டை நாட்டை நம்பி விளக்கேற்றுவது பற்றி ஒரு விவாதம், அணுசக்தி பற்றி இன்னொரு விவாதம் என்று ஓடிக்கொண்டிருக்கிறது. நாளை காலை ஜூரோங் தீவை மூடினால் உலகம் எண்ணெய் வாங்குவதை நிறுத்தாது, வேறு துறைமுகத்தில் வாங்கும். இதை அங்கே வேலை பார்த்தவன் சொல்வதால் ஒரு பங்கு தள்ளுபடி செய்துகொள்ளலாம். "நாம் செய்யாவிட்டால் வேறொருவன் செய்வான்" என்பது எல்லாத் தொழிலுக்கும் கைகொடுக்கும் வாதம் என்பதும் எனக்குத் தெரியும்.

இனி அத்தை. கரிம வரி 2019இல் டன்னுக்கு 5 வெள்ளியில் தொடங்கியது, தென்கிழக்கு ஆசியாவிலேயே முதலாவது. 2024இல் 25, 2026இல் 45, 2030க்குள் 50 முதல் 80 வெள்ளி வரை. ஆண்டுக்கு 25,000 டன்னும் அதற்கு மேலும் விடும் ஆலைகள்தான் நேரடியாகக் கட்டுகின்றன, ஏறத்தாழ ஐம்பது இடங்கள். நாட்டின் மொத்தப் புகையில் பெரும்பகுதியை அவைதான் விடுகின்றன. அத்தை கையெழுத்துப் போட்டுக் கட்டுவதில்லை, ஆனால் மின்கட்டணத்தில் வந்து சேர்கிறது. ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 0.4 கிலோ கரியமில வாயு. டன்னுக்கு 45 வெள்ளி என்றால் யூனிட்டுக்கு 1.8 காசு. யூனிட் விலையோ முப்பது காசை ஒட்டி. நாலறை வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டுக்கு மாதத்துக்குச் சில வெள்ளிதான், அதையும் அரசு தரும் யூ-சேவ் கட்டணத் தள்ளுபடி ஓரளவு சரிக்கட்டுகிறது. அத்தையின் வலி தொகையில் இல்லை, "நம்மால் என்ன ஆகப்போகிறது" என்பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

0.1 விழுக்காடு என்பது சரியான எண்தான். தலா 2 விழுக்காட்டுக்கும் குறைவாக விடும் நாடுகளைக் கூட்டினால் உலக மொத்தத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு வருகிறது. அத்தனை பேரும் அத்தையின் கேள்வியைக் கேட்கலாம். இது எல்லாரும் சொல்கிற பதில், சரியானதும்கூட. ஆனால் எனக்கு வேறொரு கணக்கு உறுத்துகிறது. உலகிலேயே அதிகமாகக் கப்பல் எரிபொருள் விற்கும் துறைமுகம் நம்முடையது, ஆண்டுக்கு 5 கோடி டன்னுக்கு மேல். ஒரு டன் எரித்தால் 3 டன்னுக்குச் சற்று அதிகமான கரியமில வாயு. ஆக 15 கோடி டன்னைத் தாண்டுகிறது. நாட்டுக் கணக்கில் நாம் காட்டுவது 5 கோடி சொச்சம் டன். ஏறத்தாழ மூன்று மடங்கு, எந்த நாட்டின் மொத்தத்திலும் சேராமல் கடலில் மிதக்கிறது. ஏமாற்று ஒன்றும் இல்லை. அனைத்துலகக் கப்பல், விமான எரிபொருளைத் தனியாகக் குறிப்பிட வேண்டும், நாட்டு மொத்தத்தில் சேர்க்கக்கூடாது என்பது ஐநா விதி. அத்தை திருப்பிக் கேட்கலாம்: அந்தக் கப்பலில் போவது சீனாவில் செய்து ஐரோப்பாவில் விற்கிற சாமான், நமக்கு என்ன? நல்ல கேள்வி. செய்தவன், வாங்கியவன், சுமந்தவன், எண்ணெய் ஊற்றியவன், இதில் புகை யாருடையது? இதற்காகத்தான் கப்பல் புகைக்கு உலக அளவில் விலை வைக்கும் திட்டம் 2025 அக்டோபரில் லண்டனில் அனைத்துலகக் கடல்துறை அமைப்பின் கூட்டத்தில் வாக்கெடுப்புக்கு வந்தது. அமெரிக்காவும் சவூதி அரேபியாவும் எதிர்த்ததில் ஓராண்டு தள்ளிப்போனது. அங்கே யாரும் இயற்பியல் பேசித் தடுக்கவில்லை, வரி என்றுதான் எதிர்த்தார்கள்.

"அந்த வரிப் பணத்தில் கடலோரச் சுவர் கட்டினால் போதாதா?" என்று அத்தை அடுத்துக் கேட்கக்கூடும். கட்டத்தான் போகிறோம். நிலத்தில் ஏறத்தாழ 30 விழுக்காடு கடல் மட்டத்திலிருந்து 5 மீட்டருக்கும் கீழே. 2100க்குள் கடல் 1.15 மீட்டர் வரை ஏறலாம் என்கிறது இங்கேயே செய்த 2024 ஆய்வு. 2019 தேசிய தினப் பேரணி உரையில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் நூறு ஆண்டில் 100 பில்லியன் வெள்ளியோ அதற்கு மேலோ ஆகும் என்றார். கிழக்குக் கடற்கரைக்கு அப்பால் சுமார் 800 ஹெக்டரில் நீள்தீவு ஒன்றை உருவாக்கும் திட்டமும் ஓடுகிறது. பணமும் பொறியாளர்களும் இருக்கிற நாடு என்பதால் நமக்கு இந்த வழி திறந்திருக்கிறது. ஆனால் சுவர் கடலைத் தடுக்கும், உச்சிவெயிலைத் தடுக்காது. சாரத்தின் மேல் நின்று கம்பி கட்டும் புதுக்கோட்டை, சிவகங்கைத் தம்பிகளுக்கு அது உதவாது. வெப்பம் கடுமையாகும்போது கடின வேலைக்கு மணிக்கு ஒருமுறை ஓய்வு என்று மனிதவள அமைச்சு விதி வகுத்திருக்கிறது. அந்த ஓய்வால் தள்ளிப்போகும் வேலைக்கும் யாரோ காசு கொடுக்கத்தான் வேண்டும், வீட்டு விலையிலோ சம்பளத்திலோ.

ஆகவே அத்தையிடம் நான் கரிம வரி வேண்டுமா வேண்டாமா என்று வாதாடமாட்டேன். பெரிய ஏற்றுமதி ஆலைகளுக்கு இப்போது கொடுக்கும் சலுகை எத்தனை ஆண்டு நீடிக்கவேண்டும்? வரிக்கு உட்பட்ட புகையில் 5 விழுக்காடு வரை, வெளிநாட்டில் புகையைக் குறைத்ததற்குத் தரப்படும் கரிமப் புள்ளிகளை வாங்கி ஈடுகட்டலாம் என்ற விதியில், அந்தப் புள்ளிகள் உண்மையான காட்டைக் காப்பாற்றுகின்றனவா என்று யார் போய்ப் பார்ப்பது? 2030இல் 50 வெள்ளியா 80 வெள்ளியா? எனக்குக் கேட்டால் 80க்குப் பக்கத்தில், யூ-சேவ் தள்ளுபடியைச் சின்ன வீடுகளுக்குக் கூட்டிக்கொடுத்து. அத்தை 50 என்பார். அதைப் பற்றி அவரோடு ஒரு மணி நேரம் சண்டை போட நான் தயார்.